வீட்டு வரியை செல்போனில் கட்டினால் மாநகராட்சி கஜானா நிறையுமா?

நாகர்கோவில்,

மீன் கடையில் ஜிபே, டீக்கடையில் போன்பே, ஆட்டோவில் கியூ.ஆர்.கோடு என்று காலம் மாறிப்போச்சு. வடசேரி கனகமூலம் சந்தையில் கீரைக்கட்டு விற்கிற அக்கா கூட அட்டையைக் காட்டி, "இதுல போட்டு விடுங்க" என்கிறார். ஆனால் வீட்டு வரி என்று வந்தால் மட்டும் இன்னும் பலர் வேலைக்கு லீவு போட்டு, பழைய ரசீதை பாலிதீன் கவரில் சுற்றிக்கொண்டு ஆபீசுக்கு நடக்கிறார்கள்.

வீட்டில் இருந்தபடியே வரி கட்டும் வசதி தமிழ்நாட்டின் நகராட்சி, மாநகராட்சிகளுக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. இதனால் ஜனங்களுக்கு என்ன லாபம்? மாநகராட்சிக்கு உண்மையிலேயே வருமானம் கூடுமா? பணம் போய் ரசீது வராவிட்டால் என்ன செய்வது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

கரம், தீர்வை, சொத்து வரி

குமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்து ஆட்கள் இதை 'கரம்' என்பார்கள். 'தீர்வை' என்று சொல்கிறவர்கள் இப்போதும் உண்டு. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி குமரி தமிழகத்தோடு இணைந்தது. நகராட்சியாக இருந்த நாகர்கோவில் 2019-ம் ஆண்டு மாநகராட்சி ஆனது. இப்போது 52 வார்டுகள் உள்ளன. பெயர் எதுவாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். வீடு, கடை, கட்டிடம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குக் கட்ட வேண்டிய பணம் இது.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு அரையாண்டு. இது போக குடிநீர் கட்டணம், தொழில் வரி, காலிமனை வரி, மாநகராட்சி கடைகளின் வாடகை, சந்தை குத்தகை என்று வருமானம் பல வழிகளில் வருகிறது. தெருவிளக்கு எரிவதும், குப்பை வண்டி ஓடுவதும், முக்கடல் அணை தண்ணீர் குழாயில் வருவதும் இந்தப் பணத்தை நம்பித்தான்.

வரி சரியாக வசூல் ஆகாவிட்டால் நஷ்டம் உள்ளூரோடு முடியாது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-வது நிதிக்குழு ஒரு நிபந்தனை போட்டது. சொத்து வரிக்கு குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் கூட வேண்டும், அப்போதுதான் நகரங்களுக்கு மானியம் என்றது. அதாவது இங்கே வசூல் படுத்தால் டெல்லியில் இருந்து வர வேண்டிய பணத்துக்கும் சிக்கல்.

இந்தப் பின்னணியில்தான் 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. நாகர்கோவில் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைவான வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் தப்பவில்லை. வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றி விட்டார்.

வரி ஏறினால் வருமானம் தானாக ஏறும் என்று நினைக்கலாம். அப்படி இல்லை. போட்ட வரி வேறு, வந்து சேரும் பணம் வேறு. நடுவில் இருக்கும் பள்ளத்தை மூடத்தான் செல்போன் வசூல்.

ஒரு நாள் கூலி மிச்சம்

கோட்டார் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் வீட்டுக்கு அரையாண்டு வரி 1,500 ரூபாய் என்று வைப்போம். ஆபீசு நேரத்தில் போய் கட்ட வேண்டும் என்றால் காலை வேலை போச்சு. பஸ் காசு, டீக்காசு தனி. கவுண்டரில் கூட்டம் இருந்தால் அன்றைய கூலி முழுசும் போச்சு. வருஷத்துக்கு இரண்டு தடவை இந்தக் கதைதான். இதனாலேயே "அப்புறம் பாத்துக்கலாம்" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். வரி கட்ட மனசு இல்லாமல் இல்லை, கட்டப்போக நேரம்தான் இல்லை.

தள்ளிப்போடுவதால் கைக்காசு போகிறது. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-ந்தேதிக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாக கழிக்கப்படுகிறது. அதிகபட்சம் ரூ.5 ஆயிரம். 1,500 ரூபாய் கட்டுபவருக்கு 75 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 150 ரூபாய். காலம் தாழ்த்தினாலோ மாதத்துக்கு 1 சதவீதம் தனி வட்டி. 75 ரூபாய் தானே என்று விட்டால், அதோடு வட்டியும் சேர்ந்துகொள்ளும்.

செல்போனில் கட்டுவதற்கு நேரம், காலம் கிடையாது. ராத்திரி 10 மணிக்கு சாப்பிட்டு முடித்த பிறகும் கட்டலாம். துபாயிலோ குவைத்திலோ வேலை பார்க்கும் மகன் அங்கிருந்தே அம்மா வீட்டுக்கு வரி கட்டலாம். வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவே இல்லை என்கிற குமரி மாவட்டத்துக்கு இது பெரிய வசதி.

பணம் கை மாறும் இடம் குறைகிறது

மாநகராட்சிக்கு என்ன லாபம்? முன்பெல்லாம் கார்பன் தாள் வைத்த ரசீது புத்தகம். பில் கலெக்டர் பணத்தை வாங்குவார், ரசீது எழுதுவார், ஆபீசில் ஒப்படைப்பார். அங்கே எண்ணி, செலான் போட்டு பேங்குக்கு அனுப்புவார்கள். பிறகு ஒருவர் அதை பேரேட்டில் ஏற்றுவார். இத்தனை கை மாறும்போது ஏதாவது ஒரு கை நழுவினாலும் நஷ்டம்தான்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2021-ம் ஆண்டு திருவனந்தபுரம் மாநகராட்சியின் மண்டல அலுவலகங்களில் ஜனங்கள் கட்டிய வரிப்பணம் பேங்குக்குப் போய்ச் சேராதது தெரியவந்து பெரிய பரபரப்பு ஏற்பட்டது. ஊழியர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டனர். பணத்தைக் கட்டியவர்கள், நம்ம கணக்கில் வரவு வைத்தார்களா என்று பார்க்க ஓடினார்கள்.

செல்போனில் கட்டும்போது பணம் உங்கள் பேங்க் கணக்கில் இருந்து நேராக மாநகராட்சி கணக்குக்குப் போகிறது. எந்த வீட்டுக்கு, எந்த அரையாண்டுக்கு, எத்தனை மணிக்கு கட்டப்பட்டது என்பது கம்ப்யூட்டரில் தானாகவே பதிவாகிறது. சாயங்காலம் எந்த வார்டில் எவ்வளவு வந்தது என்று கமிஷனர் தன் மேஜையில் இருந்தே பார்த்து விடலாம். கவுண்டரில் பணம் எண்ணிக் கொண்டிருந்த ஆட்களை, வரி பாக்கி வைத்திருக்கும் பெரிய கட்டிடங்களைத் தேடி அனுப்பலாம்.

யு.பி.ஐ. முறை 2016-ம் ஆண்டு அறிமுகம் ஆனது. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. வழியாகப் பணம் பெறுபவர்களிடம் பேங்குகள் கமிஷன் பிடிப்பது இல்லை. அதனால் நூறு ரூபாய் கட்டணம் வாங்கினாலும் அந்த நூறு அப்படியே வந்து சேருகிறது. கிரெடிட் கார்டில் கட்டினால் மட்டும் கூடுதல் கட்டணம் வரலாம். கட்டும் முன் திரையில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்துக் கொள்வது நல்லது.

கூட்டம் குறைந்தது கம்ப்யூட்டரால் மட்டுமா?

ஜனங்களின் அலைச்சலைக் குறைத்தால் வசூல் நடக்கும் என்பது புதுசாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 2000-ம் ஆண்டிலேயே திருவனந்தபுரத்தில் 'பிரண்ட்ஸ்' என்ற மையம் தொடங்கப்பட்டது. கரண்டு பில், தண்ணீர் பில், வீட்டு வரி எல்லாவற்றையும் ஒரே கவுண்டரில் கட்டலாம். அன்றைக்கு செல்போனில் பணம் அனுப்பும் வசதி கிடையாது. ரொக்கம்தான். இருந்தாலும் நாலு ஆபீசு ஏறி இறங்கும் வேலை மிச்சமானதால் ஜனங்கள் விரும்பிப் போனார்கள்.

2016 நவம்பரில் நடந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் 8-ந்தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. ஆனால் உள்ளாட்சிகளின் வரிக்கு சில வாரங்கள் பழைய நோட்டை வாங்கிக் கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். அவ்வளவுதான். வருஷக்கணக்கில் பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் கட்டு கட்டாகக் கொண்டு வந்து கட்டினார்கள். நாடு முழுவதும் நகராட்சிகளில் வசூல் எகிறியது.

அதில் இருந்து தெரிவது என்ன? பணம் இல்லாததால் மட்டும் பாக்கி நிற்கவில்லை. கட்ட வேண்டிய அவசரம் வந்தால் பெரிய பாக்கிதாரர்களும் கட்டுகிறார்கள். அவசரம் இல்லாவிட்டால், எத்தனை ஆப் வந்தாலும் அசைய மாட்டார்கள்.

பில் வீடு வந்தால் பணம் வரும்

ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டில் ஒரு நகராட்சியில் நடந்த சோதனை இதற்கு நல்ல உதாரணம். அங்கே பல தெருக்களுக்குப் பெயர் கிடையாது. கதவு எண் கிடையாது. பில் கலெக்டர்கள் வீட்டைக் கண்டுபிடிக்கவே திண்டாடினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, வீடு இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் டேப்லெட் கம்ப்யூட்டர் கொடுக்கப்பட்டது. மற்றவர்கள் பழைய முறையிலேயே போனார்கள்.

டேப்லெட் வைத்திருந்தவர்கள் 27 சதவீதம் கூடுதலான பில்களைக் கொடுத்தார்கள். வசூலோ 103 சதவீதம் கூடியது. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். 2022-ல் வெளியான ஆய்வில் இந்த விவரம் உள்ளது. வரியை ஒரு பைசா கூட ஏற்றவில்லை. சரியான வீட்டுக்கு, சரியான ஆளிடம் பில் போய்ச் சேர்ந்தது. பணம் வந்தது.

நாகர்கோவிலுக்கும் இது பொருந்தும். வீடு கை மாறியிருக்கும், பட்டா மாறியிருக்கும், வரி மட்டும் செத்துப்போன தாத்தா பெயரிலேயே ஓடிக் கொண்டிருக்கும். ஒரு மாடி என்று பதிவாகி இருக்கும், நிஜத்தில் மூன்று மாடி நிற்கும். வீடாகப் பதிவான இடத்தில் கடை நடக்கும். இந்தக் கணக்கை சரி செய்யாமல் செல்போனில் வாங்கினாலும் தப்பான தொகைதான் வந்து சேரும். கொஞ்சம் வேகமாக வரும், அவ்வளவுதான்.

மதுரை சொல்லும் பாடம்

எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டால் தில்லுமுல்லு நடக்காது என்று சொல்கிறவர்கள் மதுரையைப் பார்க்க வேண்டும். அங்கே மாநகராட்சி அதிகாரிகளின் பாஸ்வேர்டை தவறாகப் பயன்படுத்தி, பல வணிகக் கட்டிடங்களின் சொத்து வரியைக் குறைத்துப் பதிவு செய்ததாகப் புகார் எழுந்தது. மாநகராட்சி தரப்பிலேயே 2024-ல் போலீசில் புகார் கொடுக்கப்பட்டது. 2025-ல் அடுத்தடுத்து கைது நடவடிக்கைகள் நடந்தன. மண்டல தலைவர்கள் ராஜினாமா செய்யும் அளவுக்கு விவகாரம் பெரிதானது. வழக்கு கோர்ட்டுக்கும் போனது.

கவனிக்க வேண்டியது இதுதான். புகாரின்படி, கட்டிய பணத்தை யாரும் பையில் போடவில்லை. கட்ட வேண்டிய தொகையையே கம்ப்யூட்டரில் குறைத்து விட்டார்கள். ரசீது ஒரிஜினல். பணமும் கணக்கில் வந்தது. ஆனால் வர வேண்டிய தொகை வரவில்லை. பெரிய கட்டிடத்துக்காரர் குறைத்துக் கட்ட, 500 சதுர அடி வீட்டுக்காரர் ஒழுங்காக முழுசும் கட்டினார்.

எனவே பணத்தை எப்படி வாங்குகிறோம் என்பதோடு, வரித் தொகையை யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், யார் அனுமதித்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும். அதை வெளியாட்கள் தணிக்கை செய்ய வேண்டும். ஒரு அதிகாரி இடமாற்றம் ஆன அன்றே அவருடைய பாஸ்வேர்டும் முடக்கப்பட வேண்டும்.

சந்தையில் என்ன நடக்கிறது?

வீட்டு வரியை விடுங்கள். சந்தை வசூலில்தான் சாதாரண ஜனங்களின் காசு தினமும் போகிறது. பொதுவாக சந்தைகளை உள்ளாட்சிகள் குத்தகைக்கு விடுகின்றன. ஏலம் எடுத்தவர் வியாபாரிகளிடம் தினசரி துண்டுச்சீட்டு கிழித்து காசு வாங்குவார். நிஜமாக எவ்வளவு வசூல் ஆகிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். அடுத்த ஏலத்துக்கு என்ன தொகை வைப்பது என்று உள்ளாட்சி குத்துமதிப்பாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வியாபாரி கியூ.ஆர்.கோடில் கட்டினால் இரண்டு நன்மை. ஒன்று, நிர்ணயித்ததை விட கூடுதலாக வாங்கினால் சாட்சி இருக்கும். இரண்டு, சந்தையின் நிஜ வருமானம் வெளிச்சத்துக்கு வரும். தெருவோர வியாபாரிகளுக்கு இது தெரியாத வித்தையும் அல்ல. 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் 'ஸ்வநிதி' திட்டத்தில் முதலில் ரூ.10 ஆயிரம் கடனும், செல்போனில் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. அப்போதே பலர் கியூ.ஆர். அட்டையைத் தொங்க விட்டு விட்டார்கள்.

எப்படி கட்டுவது?

சென்னை தவிர்த்த மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளுக்கு 'டி.என். அர்பன் இ-பே' என்ற அரசு இணையதளம் இருக்கிறது. கிராம பஞ்சாயத்துகளுக்கு தனி இணையதளம் உண்டு. பழைய ரசீதில் வரிவிதிப்பு எண் இருக்கும். அதைப் போட்டால் பெயர், முகவரி, பாக்கி எல்லாம் திரையில் வரும். பெயர் உங்களுடையது தானா என்று முதலில் பாருங்கள். பிறகு யு.பி.ஐ., ஏ.டி.எம். கார்டு, நெட் பேங்கிங் என்று எதில் வேண்டுமானாலும் கட்டலாம். ரசீதை உடனே டவுன்லோடு செய்து, வாட்ஸ்அப்பில் வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஒரு போன் தொலைந்தாலும் இன்னொன்றில் இருக்கும்.

பெரிய போன் இல்லாதவர்கள் பக்கத்து இ-சேவை மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். யார் கட்டிக் கொடுத்தாலும் ரசீது வாங்காமல் கிளம்பக் கூடாது.

பணம் போச்சு, ரசீது வரலையே?

இதுதான் பலருக்கும் பெரிய பயம். நெட்வொர்க் கோளாறில் இப்படி நடப்பது உண்டு. பதறிப்போய் அடுத்த நிமிஷமே இரண்டாவது தடவை கட்டி விடாதீர்கள். முதலில் செல்போனில் வந்த பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வையுங்கள். மறுநாள் இணையதளத்தில் பாக்கி காட்டுகிறதா என்று பாருங்கள்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, யு.பி.ஐ.யில் கட்டிய பணம் கணக்கில் கழிந்து, பெறுபவருக்கு உறுதி ஆகாவிட்டால், 5 நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வர வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் பேங்க் நஷ்டஈடு தர வேண்டும். இது உங்கள் உரிமை. பேங்கில் கேட்கத் தயங்க வேண்டாம்.

மோசடி ஆசாமிகளிடமும் ஜாக்கிரதை. "வரி பாக்கி, இன்றைக்குள் கட்டாவிட்டால் குழாய் கட்" என்று மெசேஜ் வந்தால் அதில் உள்ள லிங்கை அமுக்காதீர்கள். அரசு இணையதள முகவரி 'ஜி.ஓ.வி.இன்' என்று முடியும். வாட்ஸ்அப்பில் வரும் ஆப்-ஐ இறக்கவே கூடாது. பணம் திரும்பப் பெற பின் நம்பர் தேவை இல்லை. கேட்டால் அது திருட்டுதான். ஏமாந்து விட்டால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

கவுண்டரை மூடக் கூடாது

செல்போனில் வசூல் ஆகிறது என்பதற்காக கவுண்டர்களைக் குறைப்பது தப்பு. தனியாக இருக்கும் வயசான அம்மா, எழுத்துக்கூட்டி வாசிக்கவும் சிரமப்படுகிறவர், பேங்க் கணக்கில் பணம் நிற்காதவர், இவர்களும் வரி கட்டுகிறவர்கள்தான். ஊக்கத்தொகை அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் வார்டுக்குள்ளேயே முகாம் போட்டு, சாயங்கால நேரத்திலும் வசூல் செய்தால் கூலி வேலைக்காரர்கள் தாங்களாகவே வந்து கட்டுவார்கள்.

அதேபோல வரிப் பேரேட்டில் எல்லோருடைய செல்போன் நம்பரையும் சேர்த்து, மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் தொகையோடு மெசேஜ் அனுப்பலாம். அச்சடித்த பில்லில் கியூ.ஆர்.கோடு போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வார்டில் எவ்வளவு வந்தது, அந்த வார்டுக்கு எவ்வளவு செலவானது என்று போர்டு எழுதி வைக்கலாம். தன் காசு தன் தெருவுக்கு வருகிறது என்று தெரிந்தால் யாரும் ஒளிந்து கொள்ள மாட்டார்கள்.

கேட்கும் இடம் எது?

இதைக் கேட்க ஜனங்களுக்கு ஒரு இடமும் இருக்கிறது. கிராமசபை மாதிரி நகரங்களுக்கு 'பகுதி சபா' கூட்டம் 2022 நவம்பர் 1-ந்தேதி தமிழ்நாட்டில் தொடங்கியது. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே என்பது குறிப்பிடத்தக்கது.

அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது செல்போனில் உள்ள வரி ரசீதையும் கொண்டு போங்கள். "நான் கட்டிட்டேன். என் தெருவில் ஓடை ஏன் இன்னும் தூர்வாரல? பெரிய பாக்கிதாரர் லிஸ்ட் எங்கே?" என்று கேளுங்கள். வரியை ஒழுங்காகக் கட்டியவர் கேட்கும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.